போஸ்னியாவுக்கு ஒரு விடுமுறைப் பயணம்

போஸ்னியா என்னும் பெயர் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. 1992 முதல் 1995 வரை நாளிதழ்களின் முதற் பக்கங்களில் அப்பெயர் இரத்தக் கறையுடன் வந்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் பின் அந்த மக்களுக்காகக் கையேந்தி துஆச் செய்தவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அப்பேரப்பிள்ளைகளின் பெற்றோர்தாம், வளைகுடாவிலும் சென்னையிலும் உழைத்துச் சிறிது பொருள் சேர்த்து, இவ்வாண்டு விடுமுறைக்குப் போஸ்னியா சென்று வரலாமா என்று கேட்கத் தொடங்கியுள்ளனர்.

கேள்வியோடு ஒரு தயக்கமும் சேர்ந்தே வருகிறது. இத்தனை ஜனாஸாக்கள் விழுந்த மண்ணில் மனைவி மக்களுடன் உல்லாசமாகச் சுற்றுவது தகுமா என்பதே அந்தத் தயக்கம்.

தகும் என்பதே எமது கருத்து. போர் ஓய்ந்த பின்னர் அம்மக்கள் வீடு கட்டியிருக்கிறார்கள், மணம் முடித்திருக்கிறார்கள், கடை திறந்திருக்கிறார்கள். விருந்தினரை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே பல. அவர்களைக் காணச் செல்லும் நாம், மையித்து வீட்டு முகத்துடன் ஏழு நாளும் திரிந்தால் அது அவர்களுக்கும் பாரம், நம் பிள்ளைகளுக்கும் பாரம். மாறாக, மொஸ்தார் பாலத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, நானூறு ஆண்டுப் பழமை பேசும் அந்தப் பாலத்தின் கற்கள் ஏன் இத்தனை புதிதாக இருக்கின்றன என்று கேளாமலே திரும்பினால், அவ்வளவு தொலைவு சென்றதன் பொருள்தான் என்ன? துயரத்திற்கு எத்தனை நாள், வாழ்வுக்கு எத்தனை நாள் என்று முன்னரே பங்கிட்டுக்கொள்வதுதான் இப்பயணத் திட்டத்தின் உயிர்நாடி. மற்றவை எல்லாம் பயண முகவரே செய்துவிடக்கூடிய வேலைகள்.

நாட்டின் அமைப்பை முதலில் அறிந்துகொள்வோம். முழுப்பெயர் போஸ்னியா ஹெர்ஸகோவினா. பரப்பு ஏறத்தாழ 51,000 சதுரக் கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பாதிக்கும் குறைவு. 2013ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 35 இலட்சம். அவர்களுள் சரிபாதியினர் பொஸ்னியாக் எனப்படும் முஸ்லிம்கள். ஏறத்தாழ மூவரில் ஒருவர் செர்பியர். எஞ்சியோரில் பெரும்பாலோர் குரோவாசியர். 1995 டிசம்பரில் பாரிஸில் கையெழுத்தான டேட்டன் உடன்படிக்கை, நாட்டை ஒன்றாகவே வைத்துக்கொண்டு உள்ளே இரண்டு ஆட்சிப் பகுதிகளாகப் பிரித்தது. ஒன்று, பொஸ்னியாக்கியரும் குரோவாசியரும் பெரும்பான்மையாக வாழும் கூட்டமைப்பு. மற்றொன்று, செர்பியர் பெரும்பான்மையாக வாழும் 'ரெபுப்லிகா ஸ்ர்ப்ஸ்கா'. இவ்விரண்டின் நிர்வாகத்திலும் சேராத பிர்ச்கோ என்னும் சிறு மாவட்டமும் உண்டு. பயணி ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கையில் சோதனைச் சாவடி ஏதும் இல்லை. சாலையோரப் பெயர்ப்பலகைகளும் கொடிகளும் மாறுவது மட்டுமே கண்ணில் படும்.

இனி விசா. இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு விசா வேண்டும். புதுதில்லியில் போஸ்னியத் தூதரகம் இருக்கிறது. ஷெங்கன் நாடுகளுக்கோ அமெரிக்காவுக்கோ பலமுறை நுழையும் விசாவை நடப்பில் வைத்திருப்போர், தனி விசா இன்றி முப்பது நாள் வரை தங்குவதற்கு விதியில் இடம் உண்டு. ஆயினும் விசா விதிகள் மாறுபவை. பயணச்சீட்டுக்குப் பணம் கட்டுமுன் தூதரகத்திடம் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் பலர் கவனியாத ஒரு பொறி உண்டு. போஸ்னியா ஷெங்கன் வட்டத்தில் இல்லை. அதன் அண்டை நாடான குரோவாசியாவோ 2023 ஜனவரி முதல் அவ்வட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாவுடன் குரோவாசியக் கடற்கரையில் இறங்கி, அங்கிருந்து எல்லையைக் கடந்து மொஸ்தாரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம் என்று புறப்பட்டால், திரும்பும்போது வாசல் அடைபட்டிருக்கும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ செல்வோருக்கு இஸ்தான்பூல் வழியாகவோ துபாய் வழியாகவோ நேரே சரயேவோவில் இறங்குவதே நலம்.

பருவம்? மே, ஜூன், செப்டம்பர் ஆகிய மூன்றும் நன்மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் மொஸ்தார் நம் வேலூரைப் போல் கொதிக்கும். குளிர்காலத்தில் பனி பெய்து மலைகள் அழகு பெறும் என்பது உண்மையே. ஆனால் சரயேவோ மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் கிடப்பதால், அடுப்புப் புகையும் வாகனப் புகையும் வெளியேற வழியின்றி நகரின் மேல் கவிந்து நிற்கும். மூச்சிரைப்பு உள்ள முதியோரை அக்காலத்தில் அழைத்துச் செல்ல வேண்டாம். தொழுகை நேரங்களும் நம் ஊரைப் போன்றவை அல்ல. ஜூன் மாதத்தில் சூரியன் இரவு எட்டரை மணியளவில்தான் மறைகிறது. இஷாவுக்குப் பத்து மணி தாண்டிவிடும். டிசம்பரில் மாலை நான்கே காலுக்குள் மஃரிப் வந்துவிடும். இதை நினைவில் வைத்து அன்றாடத் திட்டத்தை வகுக்காவிட்டால் குழந்தைகள் உறக்கமின்றித் துவண்டுபோவார்கள்.

எத்தனை நாள் வேண்டும்? எட்டு இரவுகள் இருந்தால் நிறைவு. அவற்றுள் நான்கைந்தைச் சரயேவோவுக்கும் இரண்டு மூன்றை மொஸ்தாருக்கும் கொடுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து நாடு காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்யும் சுற்றுலாக்களில் சேர்ந்தால், பேருந்தின் கண்ணாடியைத்தான் பார்த்து வருவீர்கள்.

சரயேவோவில் தங்குவதற்குப் பழைய கடைவீதியான 'பாஷ்சார்ஷியா'வுக்கு நடந்து செல்லும் தொலைவில் இடம் பிடியுங்கள். செம்புத் தட்டாரின் சுத்தியல் ஓசை கேட்கும் சந்துகள், புறாக்கள் சூழ்ந்த மரத்தாலான நீர்ப்பந்தல், அதன் பின்னே ஒன்றன்மேல் ஒன்றாக மலைச்சரிவில் ஏறும் ஓட்டு வீடுகள், வீடுகளுக்கிடையே மனாராக்கள். உதுமானியர் காலத்தில் எழுந்த நகரம் இது. அதன் நடுநாயகமாக விளங்குவது காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசல். சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரரான ஹுஸ்ரவ் பேக், போஸ்னியாவின் ஆளுநராக இருந்தபோது 1530ஆம் ஆண்டளவில் இதனை எழுப்பினார். பள்ளிவாசலோடு மத்ரஸா, நூலகம், ஏழைகளுக்கான உணவுச்சாலை, குளியல் கூடம், மூடிய அங்காடி என அவர் விட்டுச்சென்ற வக்ஃபுதான் ஒரு கிராமத்தை நகரமாக வளர்த்தது என்று சொன்னால் மிகையாகாது. 1537இல் தொடங்கிய அந்த மத்ரஸா இன்றும் நடக்கிறது. நம் மஹல்லாக்களில் வக்ஃபுச் சொத்துக்களின் வாடகையை வசூலிக்கப் படும் பாட்டை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது!

பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு மணிக்கூண்டு நிற்கும். அதைப் பார்த்து உங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள். அது மஃரிப் வேளையில் பன்னிரண்டு காட்டும் பழைய முறைக் கடிகாரம். சூரியன் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால், அதற்கென அமர்த்தப்பட்ட ஒருவர் மேலே ஏறி அவ்வப்போது முள்ளைத் திருத்துகிறார். பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொன்னால் அவர்கள் நெடுநாள் மறக்கமாட்டார்கள். பெண்கள் தொழுவதற்கு இங்கும் பிற பள்ளிவாசல்களிலும் இடம் இருக்கிறது. உடன் வரும் சகோதரிகள் தொழுகைக்கு விடுதிக்கு ஓட வேண்டிய நிலை இல்லை. அங்குள்ளோர் ஹனஃபி மத்ஹபினர்.

நூலகத்தைக் கட்டாயம் பாருங்கள். 1992 மே மாதத்தில் சரயேவோவின் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் குண்டு வீச்சில் எரிந்தபோது, அரபு, பாரசீகம், துருக்கி, போஸ்னிய மொழிகளில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகள் சாம்பலாயின. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய நூலகமாக இருந்த 'வியெச்னிட்சா' மாளிகையும் எரிந்தது. புதுப்பிக்கப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் சுவடிகள் பிழைத்தன. துப்பாக்கிக் குறிகாரர்கள் மலைமேல் காத்திருக்க, நூலகப் பணியாளர்கள் பழப் பெட்டிகளில் வைத்துத் தலைச்சுமையாகவும் கைச்சுமையாகவும் இடம் மாற்றி மாற்றி ஒளித்துக் காத்தார்கள். இன்று அவை 2014இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் இருக்கின்றன.

அங்கே தமிழ் முஸ்லிம் ஒருவர் சற்று நின்று பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. போஸ்னிய மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கத்திற்கு 'அரெபிட்சா' என்று பெயர். தம் மொழிக்குரிய, அரபியில் இல்லாத ஒலிகளுக்கு எழுத்துக்களில் புள்ளியும் குறியும் சேர்த்துப் பாடல்களும் மார்க்க நூல்களும் படைத்தார்கள். பின்னர் அச்சுக்கும் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் அரபுத் தமிழில் செய்ததும் இதுவே அல்லவா! ஒருவரை ஒருவர் கண்டறியாத இரு சமுதாயங்கள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன. நம் பாட்டிமார் வீட்டு அலமாரியில் இருந்த அரபுத் தமிழ்க் கிதாபுகள் எங்கே போயின என்னும் கேள்வி அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் எழாமல் இராது. பேச்சிலும் இந்த உறவு தென்படும். பொறுமைக்கு அவர்கள் 'ஸபுர்' என்கிறார்கள், நன்மைக்கு 'ஹைர்', குடியிருப்புக்கு 'மஹாலா'.

பள்ளிவாசலிலிருந்து சில நிமிட நடையில் பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், கத்தோலிக்கப் பேராலயமும், யூதர்களின் பழைய ஆலயமும் வந்துவிடும். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் இங்கே அடைக்கலம் பெற்றார்கள். அவர்கள் கொண்டுவந்த ஓவியங்கள் நிறைந்த 'ஹகாதா' என்னும் சமயச்சுவடி தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் கைப்பற்றாமல் அதனை ஒளித்துக் காத்தவர் தர்விஷ் கொர்குத் என்னும் முஸ்லிம் நூலகர்.

இனி, துயரத்திற்கான நாட்கள். 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை 1,425 நாட்கள் சரயேவோ முற்றுகையில் கிடந்தது. குடிநீரும் மின்சாரமும் இன்றி, மலைகளிலிருந்து பொழிந்த குண்டுகளுக்கிடையே மக்கள் வாழ்ந்தார்கள். நடைபாதைகளில் குண்டு விழுந்து சிதறிய பள்ளங்களில் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்திருக்கிறார்கள். 'சரயேவோ ரோஜா' என்று பெயர். கால் வைக்காமல் விலகி நடக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். விமான நிலைய ஓடுபாதையின் கீழே 1993இல் தோண்டப்பட்ட சுரங்கவழி ஏறத்தாழ 800 மீட்டர் நீளமானது. உணவும் மருந்தும் நோயாளிகளும் அதன் வழியேதான் சென்று வந்தனர். அதன் ஒரு சிறு பகுதிக்குள் இன்றும் குனிந்து நடந்து பார்க்கலாம்.

சிறுவர் உள்ள குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகம். 2017இல் திறக்கப்பட்டது. முற்றுகைக்குள் வளர்ந்த குழந்தைகள் பாதுகாத்து வைத்திருந்த பொம்மை, சட்டை, நாட்குறிப்பு போன்ற எளிய பொருள்களே காட்சிக்கு உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் உரியவர் எழுதிய சில வரிகள். பிணங்களின் படத்தைக் காட்டிப் பிள்ளைகளை அச்சுறுத்துவதைவிட இது எத்தனையோ மேலானது.

ஸ்ரெப்ரெனிட்சாவுக்குச் செல்வதா? இக்கேள்விக்கு ஒவ்வொரு குடும்பமும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே விடை கண்டிருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை பாதுகாப்பு வலயம் என்று அறிவித்திருந்த அவ்வூர் 1995 ஜூலை 11 அன்று வீழ்ந்தது. அடுத்த சில நாட்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அது இனப்படுகொலையே என்று பன்னாட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்புரைத்தது. 2024இல் ஐ.நா. பொதுச்சபை ஜூலை 11ஐ நினைவுநாளாக அறிவித்தது. கொன்றவர்கள் தடயத்தை மறைக்க உடல்களை இயந்திரங்களால் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றியதால், ஒருவருடைய எலும்புகளே பல இடங்களில் கிடைத்தன. மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டு ஆண்டுதோறும் ஜூலை 11 அன்று ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்கிறார்கள். ஒரு விரல் எலும்பையேனும் அடக்கிவிட வேண்டும் என்று காத்திருக்கும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள்.

பொடோசாரி நினைவிடத்தில் வரிசை வரிசையாக வெண்ணிற மீஸான் கற்கள். எதிரே, டச்சுப் படையினர் தங்கியிருந்த பழைய மின்கலத் தொழிற்சாலை. சரயேவோவிலிருந்து மலைச்சாலையில் போகவே இரண்டரை, மூன்று மணி நேரமாகும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பது எமது கருத்து. ஒருநாள் தாயோ தகப்பனோ அவர்களுடன் சரயேவோவில் தங்கிவிடலாம். செல்வோர் அந்த நாளில் வேறெதையும் சேர்க்க வேண்டாம். காலையில் கபுறுகளின் முன் ஸலாம் சொல்லி துஆச் செய்துவிட்டு, மாலையில் கடைவீதியில் பேரம் பேசுவது மனத்திற்கு ஒவ்வாது. பயணத்தின் கடைசி நாளாகவும் இதனை வைக்காதீர்கள். நடுவில் வைத்தால், அடுத்த நாட்களில் உயிருள்ள மனிதரோடு பழகி மனம் தேறி வீடு திரும்பலாம்.

மறுநாள் காலை மொஸ்தாருக்கு இரயிலேறுங்கள். இரண்டு மணி நேரப் பயணம். மலைகளைக் குடைந்தும் சுற்றியும் இறங்கும் பாதை, பின்னர் நெரெத்வா ஆற்றின் பச்சை நீரோடு சேர்ந்து ஓடுகிறது. நாளொன்றுக்குச் சில வண்டிகளே உண்டு. முன்னரே நேரம் கேட்டு வையுங்கள். மொஸ்தாரின் பழம்பாலத்தை 1566இல் கட்டி முடித்தவர் சிற்பி ஹைருத்தீன். ஆற்றின் நடுவே தூண் இன்றி ஒரே வளைவாகக் கரையிலிருந்து கரைக்குத் தாவும் கற்பாலம். 1993 நவம்பர் 9 அன்று குரோவாசியப் படையின் பீரங்கிக் குண்டுகளால் அது ஆற்றில் விழுந்தது. பழைய முறைப்படியே கல் செதுக்கி மீண்டும் எழுப்பி 2004 ஜூலையில் திறந்தார்கள். அருகிலுள்ள பிளகாய் என்னும் ஊரில் செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து ஓர் ஆறே பொங்கிப் புறப்படுகிறது. அதன் கரையில் தர்வேஷ்களின் பழைய தைக்கா. அங்கே அரைநாள் சும்மா அமர்ந்திருங்கள். இப்பயணத்தில் பிள்ளைகள் மிக மகிழும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம், கவனம் வேண்டும். பாஷ்சார்ஷியாவில் 'செவாப்பி' என்னும் மாட்டிறைச்சிக் கபாபைச் சூடான ரொட்டியில் வைத்துப் பச்சை வெங்காயத்துடன் தருவார்கள். இறைச்சி வைத்த சுருள் மாவுப் பண்டத்திற்கு மட்டுமே 'புரெக்' என்று பெயர். பாலாடைக்கட்டி, கீரை, உருளைக்கிழங்கு வைத்தவற்றுக்கு வேறு வேறு பெயர்கள் உண்டு. நம் பெண்மணிகளுக்கு வியப்பூட்டுவது 'பேகோவா சோர்பா' என்னும் கோழிச் சூப்பு. அதில் வெண்டைக்காய் போடுகிறார்கள்! ஆனால் இது பல சமயத்தார் வாழும் நாடு. செர்பிய, குரோவாசியப் பகுதிகளிலும், சரயேவோவின் சில உணவகங்களிலுங்கூடப் பன்றியிறைச்சியும் மதுவும் இருக்கும். 'ஸ்வின்யெதினா' என்றால் பன்றியிறைச்சி. அச்சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு, ஹலால் சான்று உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

பழகும் முறையைப் பற்றியும் ஒரு சொல். அங்குள்ள முஸ்லிம் பெண்களில் தலைமறைத்தவரும் உண்டு, மறைக்காதவரும் உண்டு. ஸலாம் சொல்லிப் புன்னகைப்பவர் அடுத்த வேளை பள்ளிவாசலில் இல்லாமல் இருக்கலாம். அரை நூற்றாண்டுக் கம்யூனிச ஆட்சியையும் ஒரு கொடும்போரையும் கடந்து வந்த மக்கள் அவர்கள். நாம் விருந்தாளிகள்; தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்டவர்கள் அல்லர். அதைவிட முக்கியமானது, கடைக்காரரிடமும் காரோட்டியிடமும் போரில் உங்கள் வீட்டில் யார் மறைந்தார்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அவர் காப்பிக்கு அழைத்து, சிறிய செம்புக் குடுவையிலிருந்து ஊற்றிக் கொடுத்து, தாமே பேசத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள். அந்தக் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுவது அங்கே மரியாதை ஆகாது.

சில்லறைச் செய்திகள் சில. நாணயத்தின் பெயர் மார்க். யூரோவுடன் மாறாத விகிதத்தில் கட்டப்பட்டது. ஒரு யூரோவுக்கு இரண்டு மார்க்குக்குச் சற்றே குறைவு. ஜெர்மனியிலேயே மறைந்துபோன மார்க்கின் பெயர் போஸ்னியாவில் வாழ்கிறது! ரூபாய் நோட்டு அங்கே செல்லாது. யூரோவாகக் கொண்டு செல்லுங்கள். எஞ்சிய மார்க்கை அந்நாட்டை விட்டு வெளியேறுமுன் மாற்றிவிடுங்கள், வெளியே அதை வாங்குவார் இல்லை. வெளிநாட்டவரின் வருகையைக் காவல்துறையில் பதிவு செய்ய வேண்டும். விடுதிகள் தாமே செய்துவிடும், தனி வீட்டில் தங்கினால் வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

போரில் புதைத்த கண்ணிவெடிகள் முற்றிலும் அகற்றப்படவில்லை. நகரங்களிலும் வழக்கமான சுற்றுலா இடங்களிலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலைப்பகுதிகளில், குறியிடப்பட்ட பாதையை விட்டுக் காட்டுக்குள்ளோ, இடிந்து கிடக்கும் வீடுகளுக்குள்ளோ யாரும் செல்லக்கூடாது. பந்து உருண்டு போனாலும் பிள்ளைகளை அதன் பின்னே ஓடவிடக்கூடாது. மண்டை ஓடு பொறித்த சிவப்புப் பலகையைக் கண்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.